உளவியல் பட்டமும் நாமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. உளவியல்)

உளவியல் படிக்கிறேன் என்று சொன்னால் நம் ஊரில் இரண்டு கேள்விகளில் ஒன்று வந்தே தீரும். ஒன்று, "என் மனத்தில் இப்போது என்ன இருக்கிறது, சொல் பார்ப்போம்!" என்பது. மற்றொன்று, "படித்து முடித்ததும் கீழ்ப்பாக்கத்தில் வேலையா?" என்பது. முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாவது கேலியாகக் கேட்கப்பட்டாலும் அதற்குள் நியாயமான ஐயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இந்தப் பட்டம் நமக்கு எந்த உரிமையைத் தருகிறது, எதைத் தருவதில்லை? கல்லூரியில் சேர வரிசையில் நின்ற நாளில் நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இதற்கு விடை தெரிந்திருந்தது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் கொத்தனார். "எங்க பாப்பா மனசு டாக்டருக்குப் படிக்குது" என்று சாரத்தின் மேல் நின்றுகொண்டே சொல்லுவார். அப்படியில்லை என்று பலமுறை விளக்கியாகிவிட்டது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் அத்துறையில் மேற்படிப்பும் முடித்தவர். மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் மருந்து எழுதமாட்டார். அந்தப் பெயரைச் சட்டப்படி போட்டுக்கொள்ள 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். பல்லாண்டுகளாக இருந்துவந்த வழி இது: பட்டம் மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, அதன்மேல் எம்.ஃபில். இரண்டாண்டு; ஆக ஏழாண்டு. அந்த வழியும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே விலக்கியது, மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய இரண்டிற்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புத் தந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநலத் தொழிலர் யார் யார் என்று வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் பி.எஸ்ஸி. உளவியல் என்ற மூன்றாண்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் வரமாட்டார்.

ஏழாண்டு என்பதை வசதியுள்ள வீட்டில் ஒருவிதமாகவும் எங்களைப் போன்ற வீட்டில் வேறுவிதமாகவும் எண்ணுவார்கள். பதினேழு வயதில் சேர்ந்த பெண்ணுக்கு ஏழாண்டு முடியும்போது இருபத்து நான்கு. அதற்குள் எத்தனை வரன் வந்து போகும் என்பதை எங்கள் அத்தை விரல் மடக்கிச் சொல்லுவார். ஆகவே நம்மில் பெரும்பாலோர்க்கு இந்த மூன்றாண்டே முழுப் படிப்பு. மேற்படிப்புக்கு ஏறும் வெறும் படிக்கட்டாக இதை வைத்துப் பாடம் வகுத்தால், படியிலேயே நின்றுவிடுகிறவர்களுக்கு என்ன பயன்? என் கட்டுரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். நம் கல்லூரியில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பாடம். பருவத்துக்கு 90 நாள். ஆக 450 மணி. ஆறு பருவத்துக்கு 2700 மணி. இதில் முதல் நான்கு பருவங்களில் வாரத்தின் 30 மணியில் 12 மணி தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் போகிறது. அது மொத்தம் 720 மணி. மீதி 1980. துணைப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி முதலியவையும் இதற்குள்தான் அடக்கம். 2021இல் வந்த துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் துணைநிலைத் தொழிலர்க்கு 2000 மணி, நலவாழ்வுத் தொழிலர்க்கு 3600 மணிப் படிப்பு வேண்டும் என்று இரண்டு அளவுகளைக் கூறுகிறது. உளவியலும் அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. சட்டக் கணக்கை வல்லுநர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் போட்டது வீட்டுக் கணக்கு. அதன்படி பார்த்தாலும் நம் நேரம் சிறிது. அதை வீணாக்க இடமில்லை. (தமிழ் மணியைக் குறைத்து உளவியலுக்குக் கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். துன்பப்படுகிறவர் நம்மிடம் தமிழில்தான் அழுவார் என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.)

அதே சட்டத்தைக் காரணம் காட்டி, 2025 ஜூலை-ஆகஸ்டு சேர்க்கை முதல் தொலைநிலைக் கல்வியில் உளவியல் நடத்தக்கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. செய்முறை இல்லாமல் உளவியல் படிப்பது நீரில் இறங்காமல் நீச்சல் படிப்பது போன்றது. ஆகவே முடிவு சரியே. ஆயினும் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்த பெண்கள் இனி எங்கே போவர்? கட்டணம் குறைவான அரசு கல்லூரிகளில் உளவியல் துறை உள்ளவை மிகச் சில. மூடிய கதவுக்கு ஈடாக வேறு கதவு திறக்கப்படவில்லை. மாலைநேர வகுப்பேனும் தொடங்கலாகாதா?

இனிப் பாடத்துக்கு வருவோம். நம் துறையில் சேர மேல்நிலையில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் போதும். நான் வரலாற்றுப் பிரிவு. பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் வந்து நிற்கிறது. சேரும்போது கேட்காத கணக்கை நடுவழியில் கேட்கிறார்கள். இதனால் தோழர் சிலர் புள்ளியியலையே நீக்கவேண்டும் என்கிறார்கள். இந்தக் கருத்தை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். இங்கிலாந்தாயினும் அமெரிக்காவாயினும் உளவியல் பட்டத்தில் புள்ளியியலும் ஆய்வுமுறையும் முதுகெலும்பு போன்றவை. அவற்றை எடுத்துவிட்டால் நமக்கும் கைரேகை பார்ப்பவர்க்கும் என்ன வேறுபாடு?

உண்மையில் புள்ளியியல் நம் வீடுகளுக்குப் புதியதன்று. என் தந்தைக்கு மாத வருமானத்தின் சராசரியைக் கணக்கிட்டுச் சொன்னேன். "சராசரியை வைத்துச் சோறு பொங்க முடியாது, ஐப்பசியில் பத்து நாள் வேலை இல்லை, அதுக்கு உன் கணக்கில் பேர் என்ன?" என்று கேட்டார். அதற்குப் பெயர்தான் திட்ட விலக்கம்! சராசரியிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவு. இதை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து விளக்கினால் எவருக்கும் புரியும். கரும்பலகையில் கிரேக்க எழுத்தாக வரும்போதுதான் மிரட்டுகிறது. நாம் செய்முறையில் பயன்படுத்தும் 'டி' சோதனையும் அப்படியே. அதை 1908இல் வெளியிட்டவர் காசெட் என்பவர். மது வடிக்கும் ஆலையொன்றில் பணியாற்றியவர். சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளைக் கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். கட்டுரையில் அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் 'மாணவன்'. இருபது பேரை வைத்துக்கொண்டு சோதனை செய்யும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டா? ஆகவே புள்ளியியல் இருக்கட்டும். முதற்பருவத்திலேயே கணக்குப் படிக்காதவர்களுக்கு ஒரு மாதம் அடிப்படை வகுப்பு வைக்கட்டும், தமிழில் வைக்கட்டும். நான் கேட்பது அவ்வளவே.

அடுத்து செய்முறை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. எபிங்கௌஸ் என்ற செருமானியர் தம்மையே ஆய்வுப்பொருளாக வைத்து நினைவாற்றலை அளந்து 1885இல் நூல் வெளியிட்டார். பழகிய சொற்கள் பழைய நினைவுகளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பொருளில்லாத அசைகளை உருவாக்கி அவற்றை மனப்பாடம் செய்தார். அதன் வழிவந்த சோதனை ஒன்று நம் செய்முறைத் தாளில் இருக்கிறது. பொருளுள்ள ஆங்கிலச் சொற்கள் ஒரு பட்டியல், பொருளற்ற ஆங்கில அசைகள் ஒரு பட்டியல். ஒருவரைப் படிக்கச் செய்து, எது அதிகம் நினைவில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். பொருளுள்ளதே நிற்கும் என்பது நூல் கூறும் முடிவு.

எனக்கு வாய்த்தவர் தமிழிலக்கிய முதலாமாண்டு மாணவர், தமிழ்வழியில் படித்தவர். இரண்டு பட்டியலிலும் அவர் ஏறக்குறைய ஒரே அளவுதான் நினைவுகூர்ந்தார். காரணம் வெளிப்படை. அவருக்கு இரண்டாம் பட்டியலைப் போலவே முதல் பட்டியலிலும் பாதிக்குப் பொருள் தெரியாது! அவருடைய நினைவாற்றலை அளப்பதாக எண்ணிக்கொண்டு அவர் படித்த பள்ளியை அளந்துவிட்டோம். பதிவேட்டில் நூலில் உள்ளபடி எழுதிவிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். வந்ததை வந்தபடியே எழுதினேன். எங்கள் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தமிழில் பட்டியல் செய்து காட்டுங்கள்" என்றார்.

அங்கேதான் வேடிக்கை தொடங்கியது. தமிழில் பொருளற்ற அசை தேடுவது எவ்வளவு கடினம் என்பதைத் தேடினால்தான் தெரியும். ஓரெழுத்தே சொல்லாகி நிற்கும் மொழி இது. நன்னூலார் அத்தகையவை நாற்பத்திரண்டு என்கிறார். தோழி ஒருத்தி 'தெவ்' என்று எழுதி வைத்தாள். தமிழ்த்துறை ஐயா பார்த்துவிட்டு, அது பகைமையைக் குறிக்கும் பழஞ்சொல் என்றார். சரி, ட, ல, ர போன்ற எழுத்துகளில் தொடங்கலாம் என்றால், அவை மொழிக்கு முதலில் வாரா. காது உடனே அந்நியம் என்று தள்ளிவிடும். பொருளற்றதாகவும் இருக்கவேண்டும், தமிழாகவும் ஒலிக்கவேண்டும். "பொருளில்லாத சொல் வேண்டும் என்று என்னைத் தேடி வந்த முதல் மாணவர்கள் நீங்கள்தாம்" என்று ஐயா சிரித்தார். அந்த ஒரு வாரத்தில் சோதனை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது, நூலைப் பார்த்து எழுதிய மற்றச் சோதனைகள் அனைத்திலும் கற்றதைவிட அதிகம்.

இது மொழிச் சிக்கல் மட்டுமன்று. முல்லர்-லையர் மாயத்தோற்றம் எல்லாரும் அறிந்ததே. நீளம் ஒன்றேயான இரு கோடுகள், முனையில் உள்ள அம்புகளால் நெடியதும் குறியதுமாகத் தெரியும். மனிதர் அனைவரும் ஒரே அளவு ஏமாறுவார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே இதைச் சோதித்தார். ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தனர். இதை 1905இல் வெளியிட்டார். நம் மலையில் நடந்த சோதனை, நம் செய்முறைக் கையேட்டில் இல்லை. காமத் என்பவர் பினேயின் நுண்ணறிவுச் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கேற்ப மாற்றியமைத்தார். பாட்டியா 1955இல் எழுத்தறியாதவர்க்கும் பயன்படும் செயற்சோதனைத் தொகுதியை வெளியிட்டார். கல்கத்தாவில் 1915இல் ஆய்வுக்கூடமும் 1916இல் தனித்துறையும் தோன்றிவிட்டன. இவையெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கின்றன.

இறுதியாக, மூன்றாண்டோடு நின்றுவிடுகிறவர் என்ன செய்யலாம்? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து இறந்தனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். நம் பெற்றோரைப் போன்றவர்களே. 'இது நோய், மாவட்ட மருத்துவமனையில் மருத்துவம் உண்டு' என்று சொல்ல அவர்கள் தெருவில் ஓர் ஆள் இல்லை. பி.எஸ்ஸி. படித்தவர் அந்த ஆளாக இருக்கலாம். அவர் சிகிச்சை செய்யக்கூடாது. ஆனால் அறிகுறியை அறிவார்; யாரிடம் அனுப்புவது என்று அறிவார்; 2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைக் கதவில் எழுதி ஒட்டுவார். அதற்குப் பயிற்சி எங்கே? இரண்டு ஆண்டில் ஒரு மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரோடு பருவத்துக்கு ஐந்து நாள் சென்றுவரப் பாடத்திட்டத்தில் இடம் செய்தாலே போதும்.

அந்த இடம் வெற்றாக இருப்பதால்தான் வேறு சிலர் புகுந்துகொள்கிறார்கள். ஆறு நாளில் 'ஆற்றுப்படுத்துநர்' சான்றிதழ் தருகிறோம் என்று ஒரு நிலையம் நம் வாயிலிலேயே துண்டறிக்கை கொடுத்தது. கட்டணம் நம் ஓராண்டுக் கட்டணத்தைவிட அதிகம். வேலையில்லாத அச்சத்தில் மூத்த மாணவர் சிலர் சேர்ந்தும்விட்டனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. சேர்க்கை நாளில் கொடுக்கும் கையேட்டில் அரைப் பக்கம் ஒதுக்கி, இந்தப் பட்டத்தால் செய்யக்கூடியது இது, செய்யக்கூடாதது இது, மேற்படிப்புக்கு வழி இது என்று தமிழில் அச்சிட்டிருந்தால் அந்தத் துண்டறிக்கையை அவர்கள் மடித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். அடுத்த ஆண்டுக் கையேட்டுக்கு அந்த அரைப் பக்கத்தை எழுதித்தர எங்கள் வகுப்பு அணியமாக உள்ளது. துறைத்தலைவர் அவர்கள் திருத்தித் தந்தால் நலம்.

தமிழ்ப் பட்டியல்கள் முடிந்துவிட்டன. இருபது சொற்கள், இருபது அசைகள். தமிழ்த்துறை ஐயா எல்லாவற்றையும் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார். அட்டைகள் எழுதியாகிவிட்டன. இனி வேண்டியது ஆட்கள்தாம். எந்தத் துறையினராயினும் தமிழ்வழியில் படித்த இருபது பேரும் ஆங்கிலவழியில் படித்த இருபது பேரும் வேண்டும். ஒருவருக்கு அரைமணிக்கு மேல் ஆகாது. வியாழக்கிழமை பிற்பகல்களில் உளவியல் ஆய்வுக்கூடத்தில் எங்களைக் காணலாம். மனத்தில் இருப்பதை யாரும் கண்டுபிடித்துவிட மாட்டோம், தைரியமாக வரலாம்.