நாடியில் தெரியாது, சகோதரி!

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர், எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கும் சகோதரிகளே, தொந்தரவு இல்லாதபோது செய்துகொள்வதுதான் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை!

எச்.பி.வி. வைரஸ் உடம்பில் தங்கிவிட்டால், அது புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் 10, 15 வருஷம் ஆகும். அந்த அவகாசத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால், அநேகமாகக் கர்ப்பப்பையை எடுக்காமலே சரிசெய்துவிடலாம்.

நான் சித்த வைத்தியன். வெள்ளைப்படுதலுக்கு மருந்து கொடுப்பேன். ஆனால், இந்த மாற்றத்தை நாடி பிடித்துச் சொல்ல என்னால் முடியாது.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு, தமிழக அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். சில நிமிஷ வேலைதான். கூச்சமா? பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். 'மாற்றம் இருக்கு' என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பயப்படாமல் அடுத்த பரிசோதனைக்குப் போங்கள்.

பிள்ளைகளின் பரீட்சைத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிறீர்களே... உங்களுக்காகவும் ஒரு தேதி குறியுங்கள்!