வண்டி வைத்தியம்: பழைய காருக்கு வேண்டாத சூடு

அப்பா ஓட்டிய மோரிஸ் மைனரை விற்க மனமில்லாமல் துடைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. கிள்ளானில் புறப்படும்போது வண்டி நன்றாகத்தான் ஓடும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தினால் அப்புறம் கிளம்பாது. "கார்புரேட்டரை மாற்ற வேண்டும்" என்பார் பட்டறைக்காரர். பணத்தை எடுக்குமுன் சற்றே பொறுங்கள்.

ஊசி போடுமுன் டிரஸ்ஸர் ஸ்பிரிட் தடவினால் கை சில்லிடுகிறதல்லவா? பெட்ரோலும் அப்படித்தான். ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் இதனால் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டியே பிடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் புகைக்குழாயின் சூட்டைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார்கள். 1962இல் வந்த 1098 சி.சி. மைனரில், காற்று வடிகட்டியின் குழாயைக் குளிர்காலத்தில் புகைக்குழாய்ப் பக்கம் திருப்ப வேண்டும்; கோடையில் விலக்கிவிட வேண்டும். பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இதற்கென ஒரு சிறு பிடி இருக்கும். 'எஸ்' என்றால் கோடை, 'டபிள்யூ' என்றால் குளிர்காலம்.

நமக்கோ ஆண்டு முழுவதும் கோடைதான். கோலாலம்பூரில் பகலில் 32 டிகிரி செல்சியஸ் சாதாரணம். குழாய் குளிர்காலப் பக்கம் திரும்பியிருந்தால் இஞ்சின் சூடான, இலேசான காற்றையே உறிஞ்சும். இழுவை குறையும், மேட்டில் 'டொக் டொக்' என்று தட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது, வண்டியை நிறுத்தியதும் விசிறி நின்றுவிடும். புகைக்குழாயின் சூடு உடனே தணியாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து இஞ்சினுக்குள் வழியும். பானட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சோக்கை இழுக்காமல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் சேரலாம்.

என் வண்டிக்கும் ஒரு பட்டறையில் புதுக் கார்புரேட்டர் போட்டார்கள். கோளாறு தீரவில்லை. பிறகுதான் தெரிந்தது, கார்புரேட்டருக்கு அடியில் இருந்த சூடு தடுக்கும் கட்டையையும் தகரத்தையும் அவர்கள் திரும்ப மாட்டவே இல்லை! கழற்றும் சாமான்களை நீங்களே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். சொட்டும் பெட்ரோல் கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். புகைக்குழாய் இணைப்பு கசிந்தாலோ, மணமே இல்லாத நச்சு வாயு காருக்குள் நுழையும். பெட்ரோல் வாடை வந்தாலும், 'புஸ் புஸ்' என்று சத்தம் கேட்டாலும், அதைச் சரிசெய்த பிறகே பிள்ளைகளை வண்டியில் ஏற்றுங்கள்.