வாசனைச் சாரமும் சர்க்கார் சட்டமும்

புகையிலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகைப்பது பழைய வழக்கம். கொளுத்தாமலே, மின்சாரச் சூட்டினால் ஒரு திரவத்தை ஆவியாக்கி உள்ளே இழுப்பது இக்காலத்து நாகரிகம். 2003-ம் வருஷத்தில் சீன தேசத்து மருந்தாளரான ஹான் லிக் என்பவர் உருவாக்கிய இச்சிறு கருவி, இருபது வருஷங்களுக்குள் உலகத்துச் சட்டசபைகளையெல்லாம் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டது. இதைப் பற்றிய விவாதங்களைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். கருவியைப் பற்றி இன்று சண்டை அதிகமில்லை. நிகோட்டினைப் பற்றியுங்கூட ஒருவாறு உடன்பாடு உண்டு. சண்டையெல்லாம் வாசனையைப் பற்றியதே.

பின்லாந்து 2016-ல் புகையிலை வாசனை தவிர மற்றவற்றை விலக்கியது. டென்மார்க் 2022 ஏப்ரலிலும், ஹாலந்து 2024 ஜனவரியிலும் ஏறக்குறைய அதே வழியில் சென்றன. ஹாலந்து சர்க்கார் திரவத்தில் சேர்க்கத் தகுந்த வாசனைப் பொருள்கள் இவையே என்று 16 பெயர்கள் கொண்ட ஜாபிதா ஒன்றைத் தயாரித்து, மற்றவற்றுக்குக் கதவை அடைத்தது. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணம் 2019-ல் சட்டம் செய்தது. கலிபோர்னியாவில் 2022 நவம்பரில் ஜனங்களே வோட்டுப் போட்டுத் தடையை ஊர்ஜிதம் செய்தார்கள். இவற்றுக்கெல்லாம் கூறப்பட்ட காரணம் ஒன்றே: மாம்பழம், ஸ்ட்ராபெரி, மிட்டாய் என்ற வாசனைகளால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இழுக்கப்படுகிறார்கள் என்பது. அது மெய்யான காரணம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடைப் பாட்டிலின் மேல் கண் வைத்த சட்டகர்த்தர்கள் வீட்டுச் சமையலறையை மறந்துவிட்டார்கள்.

அத்திரவத்தின் அங்கங்கள் நான்கே. புரோப்பிலீன் கிளைக்கால், தாவரக் கிளிஸரின், நிகோட்டின், வாசனைச் சாரம். முதல் இரண்டும் மருந்துகளிலும் தின்பண்டங்களிலும் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுபவை, எங்கும் அகப்படும். வாசனைச் சாரமோ கேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் மிட்டாய்க்கும் என்று தயாராவது. ஒரு சிறு தராசும் சில காலிக் குப்பிகளும் இருந்தால் எவரும் தம் வீட்டு மேஜையின் மீது திரவத்தைக் கலந்துகொள்ளலாம். மேல்நாடுகளில் இதைச் செய்வோர் கொஞ்ச நஞ்சமல்லர்.

கலப்பது எளிது, ருசி கூட்டுவதுதான் கடினம் என்று அவர்கள் சொல்வார்கள். ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பெருங்காயம் ஒரு கடுகளவு குறைந்தால் ரசம் சப்பென்றிருக்கும், ஒரு கடுகளவு கூடினால் வாயில் வைக்க முடியாது. அவ்வாறே இங்கும். 30 மில்லிலிட்டர் திரவத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு என்பது 0.3 மில்லிலிட்டர், அதாவது ஒரு சில சொட்டுக்களே. பழ வாசனைகள் சில நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு வரை தாங்கும். லவங்கப்பட்டை வாசனையும் குளிர்ச்சி தரும் ரஸாயனமும் அரைப் பங்கு மிஞ்சினாலே தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் அனுபவமுள்ளவர்கள் ஊசிக்குழாயால் அளப்பதை விட்டு, கிராமில் நூறிலொரு பாகம் வரை காட்டும் தராசில் நிறுத்துக் கலக்கிறார்கள்.

பஞ்சு மிட்டாய் வாசனைக்குக் காரணமான எத்தில் மால்டால் என்ற வஸ்துவைச் சற்று அதிகமாகச் சேர்த்தால் இனிப்பு ஏறுவதுடன் மற்ற வாசனைகள் மங்கிப் போகின்றன. புதிதாகப் பழகுபவர் இதையறியாமல், ஸ்ட்ராபெரி தெரியவில்லையே என்று மேலும் ஸ்ட்ராபெரியைக் கொட்டுவார். உண்மையில் குறைக்க வேண்டியது இனிப்பை. கிளிஸரின் கூடினால் ஆவி அடர்த்தியாகும், நாவுக்கு மெல்லிய தித்திப்பும் தரும். கிளைக்கால் கூடினால் வாசனை துலங்கும், தொண்டையில் உறைப்பும் ஏறும். சுக்ரலோஸ் என்ற செயற்கைச் சர்க்கரையைச் சேர்த்தால் சில நாட்களுக்குள் சூட்டுக் கம்பியில் கரி பிடித்துவிடும். பழக் கலவைகளை உடனே உபயோகிக்கலாம். பால், முட்டை, வெண்ணெய் வாசனை கொண்ட கஸ்டர்ட் கலவைகளை இரண்டு மூன்று வாரம் இருட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும், ஊறுகாயைப் போல. ஒரே வாசனையை நாள் முழுதும் இழுத்தால் மூக்கு மரத்து, ஒன்றும் தெரியாமலே போகும். அப்பொழுது திரவத்தைத் திருத்தப் புகுவது பிசகு. மூக்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அவர்களது அனுபவ பாடம்.

இதில் ஒரு கைத்தொழிலின் பொறுமையும் நுணுக்கமும் இருப்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. கேள்வி வேறு. நாவுக்கு என்று செய்யப்பட்ட பொருளை மார்புக்குள் செலுத்துகிறோமே, அது தகுமா?

உணவு வாசனைகளுக்குப் பத்திரமானவை என்ற முத்திரை அமெரிக்காவில் வழங்கப்படுவது, அவற்றை உண்பதைப் பொறுத்தே. சுவாசிப்பதற்கு அந்த முத்திரை செல்லாது என்று வாசனை உற்பத்தியாளர் சங்கமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. குடலில் ஜீரணமாகும் வஸ்து நுரையீரலில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கசப்பான அத்தாட்சியும் உண்டு. அமெரிக்காவில் மிஸௌரி மாகாணத்து ஜாஸ்பர் என்ற ஊரில் சோளப் பொரித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்திருந்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைபடும் கொடிய வியாதி கண்டிருப்பது 2000-ம் வருஷத்தில் தெரிய வந்தது. வெண்ணெய் வாசனை தரும் டயாஸிட்டைல் என்ற பொருளின் ஆவியே காரணமென்று விசாரணையில் பிறகு ஏற்பட்டது. அப்பொருள் மெய்யான வெண்ணெயிலும் சிறிது இருக்கிறது. தின்பவருக்குக் கேடில்லை. காய்ச்சிய பாத்திரத்தின் பக்கத்தில் நின்று மூச்சு விட்டவனுக்குத்தான் வினை வந்தது.

ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் 51 வாசனைத் திரவங்களைச் சோதித்ததில் 39-ல் டயாஸிட்டைல் இருக்கக் கண்டார்கள். அவ்வளவு சொற்ப அளவு ஆவிக் கருவிமூலம் அதே வியாதியைத் தரும் என்று நிரூபணமாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு சாரம் தயாரிப்பவர்களில் பலர் அதை நீக்கிவிட்டு அஸிட்டாயின் என்ற பொருளைச் சேர்த்தார்கள். ஆனால் குப்பியில் இருக்கும் காலத்தில் அஸிட்டாயினிலிருந்தே டயாஸிட்டைல் உண்டாகக் கூடுமென்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ருசிக்காக வாரக் கணக்கில் பதப்படுத்துவதைப் பற்றி மேலே சொன்னோம். செர்ரி, வெனிலா, லவங்கப்பட்டை வாசனைகளுக்குரிய பொருள்களோ கிளைக்காலுடன் சேர்ந்து, முதலில் இல்லாத புதுச் சேர்க்கைகளாக மாறுகின்றன என்று 2018-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கூறுகிறது. கலந்தவருக்கே தம் குப்பியில் இருப்பது இன்னதென்று தெரியாத நிலை இது.

2019-ல் அமெரிக்காவில் நிகழ்ந்த பெரும் விபத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதைக் குழப்பிப் பேசுகிறவர்கள் பலர். 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் மாண்டார்கள். அதற்கு முக்கியமான காரணம், கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சாரத் திரவத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்காகக் கலந்த வைட்டமின் ஈ அஸிட்டேட் என்பது. வீட்டில் தமக்கென்று நிகோட்டின் திரவம் கலந்தவர்கள்மீது அப்பழியைச் சுமத்துவது நியாயமன்று. எண்ணெய் சேர்ந்த எதையும் நுரையீரலுக்குள் விடலாகாது என்பதையும், கலப்பவன் முகம் தெரியாத இடத்தில் கலப்படத்துக்கு எல்லையில்லை என்பதையும் அது காட்டியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டதைக் கண்ட நமக்கு இரண்டாவது விஷயத்தை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிகோட்டினின் அபாயம் இன்னும் வெளிப்படை. வீட்டில் கலப்பவர்களுக்காக ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட திரவம் அமெரிக்காவில் விற்கப்படுகிறது. 2014 டிஸம்பரில் நியூயார்க் மாகாணத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிகோட்டினால் இறந்த பிறகு, குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டுமென்று 2016 ஜனவரியில் சட்டம் கையெழுத்தாயிற்று. பழ வாசனையோடு கூடிய விஷம் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைச் சட்டத்தால் கவனிக்க முடியாது. வீட்டுக்காரரே கவனிக்க வேண்டும்.

இனி, வீட்டுக் கலவையை வளர்த்தவர் யார் என்று பார்த்தால், பாதி சட்டகர்த்தர்களே. ஐரோப்பிய யூனியனின் 2014-ம் வருஷத்து உத்தரவு நிகோட்டின் திரவத்தை 10 மில்லிலிட்டர் குப்பியில்தான் விற்கலாம், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் கூடாது என்றது. நிகோட்டின் இல்லாத திரவத்துக்கு இந்த அளவுகள் இல்லை. வியாபாரி என்ன செய்தான்? 60 மில்லிலிட்டர் பிடிக்கும் பாட்டிலில் நிகோட்டினில்லாத வாசனைத் திரவத்தை 50 மட்டும் ஊற்றி, 18 மில்லிகிராம் நிகோட்டின் குப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து விற்றான். வாங்குபவர் வீட்டில் இரண்டையும் சேர்த்துக் குலுக்கினால் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். சட்டம் மீறப்படவில்லை, சட்டத்தின் நோக்கமும் நிறைவேறவில்லை. ஜெர்மனி 2022 ஜூலையில் மில்லிலிட்டருக்கு 16 ஸென்ட் வரி போட்டு, அதை 2026-க்குள் 32 ஸென்ட் ஆக்க ஏற்பாடு செய்தது. அளவின்மேல் வரி விழுந்தால், குறைந்த அளவில் அதிக சாரம் வாங்கி வீட்டில் விரித்துக்கொள்வதே லாபம் என்பதைப் பள்ளிச் சிறுவனும் கணக்குப் போட்டுவிடுவான்.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரல் 2-ந் தேதி அளித்த தீர்ப்பில், வாசனைத் திரவங்களுக்கு அனுமதி மறுத்த உணவு மருந்து இலாகாவின் நடவடிக்கையைத் தவறென்று தள்ளிய கீழ்க் கோர்ட்டின் முடிவை ஒரு முகமாக ரத்து செய்தது. 'மதர்ஸ் மில்க் அண்டு குக்கீஸ்' என்ற திரவம் அவ்வழக்கில் அடிபட்ட சரக்குகளில் ஒன்று. தாய்ப்பாலின் பெயரைச் சொல்லி நிகோட்டின் விற்க நினைத்தவனுடைய சாமர்த்தியத்தை என்னவென்பது! தீர்ப்பு சரியானதே. ஆனால் அது கட்டுப்படுத்துவது அச்சடித்த சீட்டு ஒட்டிய பாட்டிலைத்தான்.

நமது தேசத்துக்கு வருவோம். 2019 ஸெப்டம்பர் 18-ந் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. டிஸம்பரில் பார்லிமெண்டு அதை நிரந்தரமாக்கிற்று. மின்சார சிகரெட்டைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சேமித்து வைப்பதற்கும் தண்டனையுண்டு. ஆவியை இழுப்பது குற்றமென்று மட்டும் சட்டத்தில் எந்த ஷரத்தும் சொல்லவில்லை. சட்டம் கருவியை வர்ணிக்கிறது. சூடு பெறும் வஸ்து நிகோட்டின் உள்ளதாயினும் இல்லாததாயினும், வாசனை உள்ளதாயினும் இல்லாததாயினும் சரி என்கிறது. ஆனால் வாசனைச் சாரம் விற்கும் கடைக்காரரிடம், இது கேக்குக்கா ஆவிக்கா என்று போலீஸார் எப்படிக் கேட்பது? 1937 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த காலத்தில், ஊறல் போட்ட பானையை அதன் நாற்றமே காட்டிக் கொடுக்கும். இங்கே அடுப்பில்லை, புகையில்லை. வீட்டில் வெனிலா மணந்தால் யார் சந்தேகிப்பார்கள்?

சட்டத்தை ரத்து செய்ய வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நமது புகார் வேறு. அதே 2019 சட்டம் மெந்தால் சிகரெட்டைத் தொடவில்லை. விரலால் அழுத்தினால் வாசனைத் துளி உடையும்படி செய்த சிகரெட்டையும் தொடவில்லை. ஐரோப்பிய யூனியன் மெந்தால் சிகரெட்டை 2020 மே மாதத்தில் விலக்கிவிட்டது. கருவியின் வாசனை சிறுவர்களைக் கெடுக்குமென்றால் சிகரெட்டின் வாசனை அவர்களைக் கரையேற்றுமா? நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியில் சர்க்காரின் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷனுக்குப் பெரும் பங்கு இருப்பதை ஜனங்கள் அறியாதவர்களல்லர். புகையிலையிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்து அந்நிய நாடுகளுக்கு அனுப்பும் ஆலைகளும் இங்கே உண்டு. நம் வயலில் விளைந்த விஷம் கடல் கடந்து, அயலானின் மேஜையில் ஸ்ட்ராபெரியுடன் கலக்கப்படுவதை டில்லி எந்தக் கண்ணால் பார்க்கிறது?

கலவையைத் தடுக்க முடியாதென்றால், கலவையின் உறுப்புக்களைக் கவனிக்கலாம். வாசனைச் சாரம் விற்பவர் அதிலுள்ள பொருள்களின் பெயர்களைக் குப்பியின்மேல் முழுமையாக அச்சிட வேண்டும். இன்று 'இயற்கை மற்றும் செயற்கை வாசனைகள்' என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. டயாஸிட்டைலும் அதன் இனத்துப் பொருள்களும் இல்லையென்று பரீக்ஷைச் சீட்டுக் காட்ட வேண்டும். இது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நாம் கூறும் யோசனை. டில்லிக்கு வேண்டியது இன்னும் சுருக்கமானது: சிகரெட்டில் வாசனை சேர்ப்பதை விலக்கி ஒரு ஷரத்து. அதை எழுத ஒரு நாள் போதும். அடுத்த பார்லிமெண்டுக் கூட்டத்தில் தமிழ்நாட்டு அங்கத்தினர்களில் யாராவது ஒருவர் எழுந்து அதற்கு நோட்டீஸ் கொடுப்பாரா என்று எதிர்பார்க்கிறோம்.