புத்தகக் காட்சிக்கு ஒரு பயணம்



நம் கவரைப்பேட்டையிலிருந்து மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. சென்னையோ ஒரே மின்சார ரயிலில் சென்று சேரும் தொலைவு. ஆகவேதான் புத்தகம் வாங்கவும் சென்னையையே நாடினோம். பொங்கலையொட்டி அங்கு நடைபெறும் புத்தகக் காட்சிக்கு நம் பங்கின் இளைஞர் சிலரும், சிப்காட் ஆலைகளில் பணிபுரிவோர் தம் குடும்பத்தோடும் நம்முடன் வர, ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

ரயில் சென்று நிற்கும் இடத்தின் பெயர் மூர் மார்க்கெட் வளாகம். இளைஞருக்கு அது ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. 1900-இல் திறக்கப்பட்ட அச்சந்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்ததையும், ஏழை மாணாக்கர் பேரம் பேசிக் கால் விலைக்கும் அரை விலைக்கும் பாடநூல் வாங்கிச் சென்றதையும், 1985-இல் அது தீக்கிரையானதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தோம். புத்தகம் விற்ற மண்ணில் இறங்கியே புத்தகம் வாங்கச் சென்றோம் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கத்தார் நடத்தும் இக்காட்சி 1977-இல் அண்ணா சாலையிலுள்ள ஒரு பள்ளி வளாகத்தில் 22 கடைகளோடு தொடங்கியது. இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நூற்றுக்கணக்கான கடைகள். நூல்களுக்கு நூற்றுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. சமையல் நூல், சோதிட நூல் விற்கும் இடங்களில் நெரிசல் மிகுதி. அதைக் குறை சொல்ல நாம் விரும்பவில்லை, அவர்களும் படிக்கத்தானே வாங்குகிறார்கள்!

நம்மோடு வந்த ஒரு தொழிலாளி தம் மகளுக்கென ஒதுக்கி வந்த தொகை எண்ணூறு ரூபாய். சிறுமி மூன்று நூல்களைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டுக்குத்தான் பணம் போதும். மூன்றாவதைத் திருப்பி வைக்குமுன் நின்றபடியே பத்துப் பக்கம் படித்துவிட்டாள். தந்தை நம்மிடம், "சாமி, செருப்பென்றால் தேயும்வரை போடலாம். இதை ஒரு முறை படித்தால் முடிந்துபோகுமே?" என்றார். இது வீண் கேள்வியன்று. மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் எந்தக் குடும்பத்தலைவனும் கேட்கக்கூடிய கேள்வியே.

அவருக்கு நாம் சொன்ன மறுமொழி ஒரு பழைய செய்தி. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது, சேசு சபைக் குருவாகிய அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் பதினாறே பக்கங்கள். தமிழ் அச்சுப்பணிக்குப் பொருள் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரவர் மக்கள். உயிரைப் பணயம் வைத்துக் கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசு அது. அவர்களுள் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள் என்னும் நம்பிக்கையில் கொடுத்திருப்பார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வாறு படிக்கும் நூல் ஒரு முறையில் முடிந்துபோவதில்லை.

தந்தை அதற்கு ஒன்றும் பதில் கூறவில்லை. ஆனால் தேநீர்க் கடைப் பக்கம் போகாமல், மகளோடு அடுத்த வரிசைக்குச் சென்றார்.

வாங்கச் செல்வோருக்கு ஒரு சொல். 1879-இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' போன்ற பழைய நூல்களைப் பல பதிப்பகத்தார் வெளியிடுகின்றனர். விலை கடைக்குக் கடை வேறுபடும். முழு நூலா, சுருக்கமா என்று முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். சுருக்கத்தை முழு நூலென்று நம்பி வாங்கி வருவோர் பலர்.

மறுநாள் ஞாயிறு பூசைக்குப்பின் இளைஞர் சிலர் மாலைச் சொற்பொழிவுக்காக மீண்டும் சென்றனர். மேடைக்கு முன் நல்ல கூட்டமாம். கைதட்டியோரில் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பினராம். சொற்பொழிவு செவிக்கு விருந்துதான். எனினும் வீட்டுக்கு வந்த பின்பும் பேசிக்கொண்டிருப்பது புத்தகமே.

எல்லாரும் சென்னை செல்ல இயலாது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. நம் பணத்தில் வாங்கிய நூல்கள் அரசு நூலகங்களில் நமக்காகக் காத்திருக்கையில், அங்கு உறுப்பினராகாமல் இருப்பானேன்?

பங்கு மன்றத்திலும் இப்போது ஓர் அலமாரி வைத்துள்ளோம். இப்பயணத்தில் வாங்கிய இருபத்து மூன்று நூல்கள் அதில் உள்ளன. சிறுமி திருப்பி வைத்த நூலும் அவற்றுள் ஒன்று. ஞாயிறு முதற்பூசை முடிந்ததும் அலமாரி திறந்திருக்கும். பேரேட்டில் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். தவணை பதினைந்து நாள். பக்கத்தை மடக்காமல் கொண்டுவந்து கொடுங்கள்.