கை தூக்குங்க சார்!

எங்கள் தெரு இளைஞர் மன்றத்தின் வருடாந்திர டூர் எங்கே கிளம்பினாலும் பஜ்ஜியில்தான் முடியும். மகாபலிபுரம் போனோம், கடற்கரையில் பஜ்ஜி. பழவேற்காடு போனோம், பஜ்ஜி. ஒரு வருஷம் ஏலகிரி. அங்கே கடல் இல்லையே என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து பஜ்ஜி. திருத்தணிக்காரர்களுக்கு மலை அலுத்துப்போன சமாசாரம். 365 படி ஏறி முருகனைப் பார்ப்பது எங்களுக்கு வாக்கிங் மாதிரி. தண்ணீரைக் கண்டால்தான் குஷி.

இந்த வருஷ டூர் பற்றிப் பேச மன்றம் கூடியபோது, செயலாளரின் தங்கை டீ கொண்டு வந்தாள். காலேஜில் சரித்திரம் படிக்கிறாள். தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவள். டீயை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"ஏண்ணா, எப்பப் பார்த்தாலும் முதலைப் பண்ணையும் பஜ்ஜிக் கடையும்தானா? இங்கிலாந்துல மான்செஸ்டர்னு ஒரு ஊர். அங்க எமிலின் பாங்க்ஹர்ஸ்ட்னு ஒரு அம்மா, பெண்களுக்கு ஓட்டு வேணும்னு 1903-ல தன் வீட்டுலயே சங்கம் ஆரம்பிச்சாங்க. அந்த வீடு இப்ப மியூசியம். அமெரிக்காவுல செனிகா ஃபால்ஸ்னு சின்ன ஊர். 1848-ல அங்க பெண்கள் மாநாடு நடந்துச்சு. மாநாடு நடந்த இடத்தை அரசாங்கமே பாதுகாக்குது. நியூசிலாந்துல 1893-ல பெண்கள் ஓட்டு கேட்டு ஒரு மனு குடுத்தாங்க. 270 மீட்டருக்கு மேல நீளம்! அதை இன்னிக்கும் பத்திரமா வெச்சுக் காட்டறாங்க. பசங்க கூட்டமா வந்து பார்க்கறாங்க. நீங்க?"

"270 மீட்டரா? நாம அரைப் பக்கம் எழுதினாலே யாரும் படிக்க மாட்டேங்கறாங்களே" என்று பொருளாளர் பெருமூச்சு விட்டார்.

"விசாவுக்கெல்லாம் மன்றத்துல நிதி இல்லம்மா" என்றார் தலைவர்.

"விசா வேணாம். சென்னை போதும்" என்று ஒரு சீட்டை நீட்டினாள். கோட்டை, அடையாறு, பெசன்ட் நகர். கடைசிப் பெயரைப் படித்ததும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெசன்ட் நகர் என்றால் பீச். பீச் என்றால்... உங்களுக்கே தெரியும்.

பி.காம். படித்த பாவத்துக்கு மன்றத்துக் கணக்கு எழுதுவது நான். வேன் செலவுக்குப் பட்டியல் போட்டேன். உறுப்பினர்கள் 17. உறுப்பினர் அல்லாதவர் 1. அந்த ஒன்று, டூருக்கு ஐடியா கொடுத்தவள். எங்கள் விதிமுறைப்படி '18 முதல் 40 வயது வரையுள்ள ஆண்கள்' மட்டுமே உறுப்பினர் ஆகலாம். 40 தாண்டியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், தலைவரையும் சேர்த்து. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. 'ஆண்கள்' என்ற சொல்லை மட்டும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறோம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் சந்து ராத்திரியில் கும்மிருட்டு. மன்றத்துச் சுவரில் ஒரு லைட் போடுங்கள் என்று தெருப் பெண்கள் மூன்று வருஷமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். மூன்று தடவையும் ஓட்டெடுப்பில் லைட் தோற்றது. முதல் வருஷம் கேரம் போர்டு ஜெயித்தது. அடுத்த வருஷம் ஸ்பீக்கர் பாக்ஸ். போன வருஷம் மறுபடி கேரம் போர்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேன் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. கோட்டை மியூசியத்தில் வாள், துப்பாக்கி, பழைய நாணயம், ஆளுயரக் கவர்னர் படங்கள். பையன்கள் வாள்களை விட்டு நகர மாட்டேன் என்றார்கள். ஒரு வழியாக வெளியே இழுத்து வந்து மர நிழலில் உட்கார வைத்து, அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"1919-ல வெள்ளைக்காரன் புதுச் சட்டம் போட்டான். பெண்களுக்கு ஓட்டு உண்டா, இல்லையா? லண்டன்ல முடிவு பண்ணலை. அந்தந்த மாகாண சட்டசபையே பார்த்துக்கட்டும்னு விட்டுட்டாங்க."

"ஃபைலைக் கீழே தள்ளிட்டாங்க!" என்று உத்தியோகத்தில் இருக்கும் ஓர் உறுப்பினர் பரவசமானார்.

"அதேதான். சட்டசபையில இருந்தவங்க எல்லாரும் ஆம்பளைங்க. அவங்க மனசு வெச்சாத்தான் பெண்களுக்கு ஓட்டு. 1921-ல மனசு வெச்சாங்க. அந்தச் சட்டசபை கூடினது இந்தக் கோட்டையிலதான். பிரிட்டிஷ் மாகாணங்கள்லயே நம்ம சென்னை மாகாணம்தான் முதல்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 1921-ல், லண்டனில் 25 வயதுப் பெண்ணுக்கு ஓட்டுக் கிடையாது. அங்கே 1918-ல் கொடுத்தது 30 வயது ஆனவர்களுக்குத்தான். ஆணும் பெண்ணும் சமம் என்று ஆனது 1928-ல். பிரான்ஸில் 1944. சுவிட்சர்லாந்தில், நம்புங்கள், 1971!

ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். 1921-ல் ஓட்டு வந்தது சொத்தோ வரிக்கட்டோ இருந்த பெண்களுக்கு மட்டும். நம் வீடுகளில் எந்தப் பெண்ணின் பேரில் பத்திரம் இருந்தது? 1935-ம் வருஷச் சட்டத்தில் படித்த பெண்களையும், சொத்துள்ள ஆண்களின் மனைவிகளையும் சேர்த்தார்கள். புருஷன் பேரில் நிலம் இருந்தால் பெண்டாட்டிக்கு ஓட்டு. ரேஷன் கார்டு மாதிரி. சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல் 21 வயது ஆன எல்லோருக்கும் என்று எழுதியது 1950-ல் வந்த நம் அரசியல் சட்டம்தான். 1989-ல் அது 18 ஆனது.

அடுத்து அடையாறு. தியசாபிகல் சொசைட்டி ஆலமரம். 1917-ல் இந்திய மாதர் சங்கம் பிறந்தது அடையாறில்தான். முதல் தலைவி அன்னி பெசன்ட். "அப்ப பெசன்ட் நகர்னா அந்தம்மா பேரா?" என்று ஒருவர் வாயைப் பிளந்தார். இருபது வருஷமாக அங்கே பஜ்ஜி சாப்பிடுகிறவர் அவர்.

அந்தச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவர் மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் அம்மா. ஓட்டுக் கேட்டு அந்த ஊர் ஜெயிலுக்குப் போனவர். 1915-ல் இந்தியா வந்து, மதனப்பள்ளியில் இருந்தார். அன்றைக்கு மதனப்பள்ளியும் திருத்தணியும் ஒரே சித்தூர் மாவட்டம். ஆக, நம்ம ஜில்லாக்காரர்!

1917-ல் இந்தியா மந்திரி மாண்டேகு வந்தார். பெண்களின் படிப்பைப் பற்றிப் பேச நேரம் கேட்டு இந்த அம்மா எழுதினார். 'அரசியல் விஷயம் என்றால் மட்டும் வாருங்கள்' என்று பதில். நாமாக இருந்தால் லெட்டரை மடித்துப் பையில் வைத்திருப்போம். அவர், 'சரி, எங்களுக்கு ஓட்டு வேண்டும்' என்று எழுதிவிட்டார்! லீவு கேட்டுப் போனவனிடம், 'இன்க்ரிமென்ட் பற்றி மட்டும்தான் பேசலாம்' என்று மேனேஜர் சொன்ன மாதிரி. டிசம்பர் 18-ம் தேதி சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் மாண்டேகுவைப் பார்த்தார்கள். கேட்டார்கள். நாலு வருஷத்தில் கோட்டையில் கிடைத்தது.

"சரி, ஓட்டு வாங்கி என்னம்மா பண்ணாங்க?" என்றார் தலைவர், கொஞ்சம் கிண்டலாக.

"1921-ல கிடைச்சது ஓட்டுப் போட மட்டும்தான். தேர்தல்ல நிற்கிற உரிமை 1926-ல வந்துச்சு. உடனே மங்களூர்ல கமலாதேவி சட்டோபாத்யாய நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்தாங்க. அடுத்த வருஷமே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினரா சட்டசபைக்குள்ள போனாங்க. துணைத் தலைவரும் ஆனாங்க. பொட்டுக் கட்டற வழக்கத்தை ஒழிக்கணும்னு அங்க நின்னு பேசினாங்க. அவங்க ஆரம்பிச்சதுதான் அவ்வை இல்லம். இந்த அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியும் அவங்க முயற்சி, 1954-ல."

தலைவர் அப்புறம் பேசவில்லை. அவருடைய அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம் நடந்தது.

பஜ்ஜி ஆயிற்று. வேன் திரும்பும்போது அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனால், நிறையப் பெண்கள் தங்கள் பெயரையே சொல்லவில்லையாம். இன்னார் பெண்டாட்டி, இன்னார் மகள் என்பதோடு சரி. பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் கறாராக இருந்ததில், சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இருந்து போனார்கள். பெரும்பாலும் வடக்கே.

ராத்திரி ஒன்பதரைக்குத் தெருவில் இறங்கினோம். எதிர் வீட்டுப் பாட்டி திண்ணையில் இருந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியாயிற்று.

"எங்க போய் வர்றீங்க நாயனா?"

சொன்னோம். பாட்டி சிரித்தார்.

"நான் மொதல் ஓட்டு போட்டது 1955-ல. அப்ப நம்ம ஊரு ஆந்திராவுல இருந்துச்சு. என் பேரைச் சொல்லிட்டேன். வீட்டுக்காரர் பேரு என்னன்னான். சொல்லலாமா? மலையைக் கையைக் காட்டினேன். 'முருகனா?'ன்னான். இல்லே. 'சுப்பிரமணியா?' இல்லே. 'வேலாயுதமா, சண்முகமா, கந்தசாமியா?' இல்லே, இல்லே. பின்னால ஜனம் கத்துது. கடைசியில 'தணிகாசலமா?'ன்னான். வெக்கப்பட்டுத் தலையை ஆட்டினேன்."

1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன். 1962-ல் பாட்டி சென்னை சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்.

"வீடு இதே வீடு, திண்ணை இதே திண்ணை. ரெண்டு ராஜ்யத்துக்கு ஓட்டுப் போட்டுட்டேன் நாயனா. எதிர்த்தாப்ல இருக்கிற உங்க மன்றத்துலதான் எனக்கு ஓட்டு இல்லே."

பதினேழு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வாரம் பொதுக்குழு. விதிமுறையில் 'ஆண்கள்' என்பதை எடுத்துவிட்டு 'நபர்கள்' என்று போடலாமா? ஒரு மணி நேர விவாதம். பெண்கள் வந்தால் கேரம் ஆடும்போது ஃப்ரீயாகப் பேச முடியாது என்பதுதான் எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். ஆதரவு 10, எதிர்ப்பு 6. தலைவர் ஆதரவு. ஒருவர் மட்டும் நடுநிலை என்று உட்கார்ந்திருந்தார். அவரை நான் திட்டப்போவதில்லை. போன வருஷம் லைட்டா, கேரம் போர்டா என்று கேட்டபோது 'நான் கணக்கு எழுதறவன், எனக்கு எதுக்கு வம்பு' என்று கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தது அடியேன்தான். அந்த வருஷம் லைட் ஒரே ஓட்டில் தோற்றது.

இந்தத் தடவை தூக்கினேன். கை ஒன்றும் சுளுக்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ஒன்பது பெண்கள் சந்தா கட்டினார்கள். பாட்டியும் விண்ணப்பம் கொடுத்தார். வயது 40-க்கு மேல் ஆகிறதே என்று யாரோ இழுத்தார்கள். தலைவர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் தீர்மானம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தில் இப்போது லைட் எரிகிறது. கடைசி ரயிலில் வருகிறவர்கள் நிம்மதியாக நடந்து வருகிறார்கள்.

எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆறு பேரும் கேரம் போர்டை அந்த லைட்டுக்கு அடியில் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். உள்ளே இருப்பதைவிட இங்கே வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறதாம்!