இறந்தோர்க்கு மலர், இருப்போர்க்கு நிலம்

இறந்தோரை நினைவுகூர்தல் எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான வழக்கம். அந்த நினைவை யார் கைப்பற்றுகிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்னுமிடத்தில்தான் அரசியல் தொடங்குகிறது.

மெக்சிகோ மக்கள் ஆண்டுதோறும் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களை இறந்தோர் நாட்களாகக் கடைப்பிடிக்கின்றனர். கல்லறைகளைத் துப்புரவு செய்து, செண்டுமல்லி மலர்களைப் பரப்பி, மறைந்தவர் விரும்பிய உணவைப் படைக்கின்றனர். நம் மாலைகளில் இடம்பெறும் செண்டுமல்லியும் அந்த மண்ணிலிருந்து வந்ததே. எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி, மலிவுத் தாள்களில் அச்சிட்டு, செல்வந்தரின் பகட்டை எள்ளி நகையாடியவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. 1913இல் வறுமையில் மறைந்த அக்கலைஞரின் எலும்புக்கூட்டுச் சீமாட்டியை, 1947இல் தம் சுவரோவியத்தின் நடுவே நிறுத்தினார் கம்யூனிஸ்ட் ஓவியர் தியேகோ ரிவேரா. சாவின் முன் செல்வரும் வறியரும் சமம் என்பதே அவ்வுருவம் சொல்லும் சேதி.

மூலதனத்துக்கோ அது விற்பனைச் சரக்கு. 2013இல் டிஸ்னி நிறுவனம் ‘இறந்தோர் நாள்’ என்னும் பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. எதிர்ப்பு மூண்டதும் பின்வாங்கியது. மெக்சிகோ நகரில் 2016இல் தொடங்கிய மாபெரும் ஊர்வலத்துக்கு முன்மாதிரி மக்கள் மரபன்று. முந்தைய ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தின் ஒரு காட்சி.

இது தொலைதேசத்துக் கதை மட்டுமன்று. மைசூர் விஜயநகர்த் தோழர்கள் நன்கறிந்த காட்சி ஒன்றுண்டு. மகாளய அமாவாசையன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பச்சிமவாகினியில் மக்கள் திரண்டு, காவிரியில் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கின்றனர். அடுத்துத் தசரா தொடங்கிவிடுகிறது. நகரம் சுற்றுலாப் பயணிகளுக்குரியதாகிவிடுகிறது. அதே காவிரியின் கடைமடையான நாகை மண்ணிலோ, இறந்தோர் நினைவு வேறொரு கேள்வியை எழுப்புகிறது.

அங்கே டிசம்பர் 25 வெண்மணி நாள். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் போராட்டத்துக்குப் பழிவாங்க, 1968இல் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். மறுநாளான டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாள். 2004இல் அம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் உண்டு. ஒவ்வோராண்டும் மீனவ மக்கள் அன்று தொழிலுக்குச் செல்லாமல், கடலில் பால் ஊற்றி மலர் தூவுகின்றனர்.

ஒன்று நிலவுடைமை நிகழ்த்திய கொலை. மற்றது இயற்கையின் சீற்றம். எனினும் இரண்டிலும் மிகுதியாக மாண்டவர்கள் நிலமற்ற உழைப்பாளர்களே. அலை வந்த நாளில் இந்தியப் பெருங்கடலுக்கென ஒரு முன்னெச்சரிக்கை அமைப்புகூட இல்லை; ஐதராபாத்தில் அது அமைந்தது 2007இல்தான்.

அடுத்து நடந்ததென்ன? பாதுகாப்பைக் காரணம் காட்டி, புதிய வீடுகளைக் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் கட்டித் தருவதாகச் சொல்லி, மீனவர் குடியிருப்புகள் பல உள்நோக்கி நகர்த்தப்பட்டன. 2019 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையோ, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப்பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் வழிவிட்டது. இதனால் மீனவரும் வீடு கட்டிக்கொள்ளலாமே என்று ஆட்சியாளர்கள் வாதிடக்கூடும். கையில் பட்டா இல்லாத மீனவர், விடுதி முதலாளியோடு எப்படிப் போட்டியிடுவார்? மீனவர் உயிருக்கு ஆபத்தாகத் தெரிந்த கரை, மூலதனத்துக்கு மட்டும் பாதுகாப்பானதாகிவிட்டதா?

நிலம் மறுக்கப்படுவது இருப்போர்க்கு மட்டுமன்று. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, மயானத்துக்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க நேர்ந்தது. சாவின் முன் அனைவரும் சமம் என்பதைச் சாதி ஏற்பதில்லை.

ஆகவே, மக்களின் நினைவுச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. நாம் விலகி நிற்கும் இடத்தைச் சந்தையும் மதவாதமும் நிரப்பிவிடும். துயரத்தில் மக்களோடு நின்று, அத்துயரத்தின் காரணத்தையும் கேட்பதே நம் வழி. மீனவரின் குடியிருப்புக்கும் தொழிற்கரைக்கும் சட்டப்பூர்வ உரிமை வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் சாதி வேறுபாடற்ற பொது மயானமும் அதற்குரிய பாதையும் வேண்டும். டிசம்பர் 25இல் வெண்மணியில் உயரும் செங்கொடி, மறுநாள் கடற்கரையில் பால் ஊற்றும் கரங்களுக்கு அருகிலும் நிற்க வேண்டும். மாண்டோர்க்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி, அவர்தம் மக்களின் காலடி மண்ணைக் காப்பதே.