ஒற்றைக் குஞ்சு

ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு நாள் மாலை நம் இளைய புதல்வி பாவாடை மடியில் எதையோ பொத்திக்கொண்டு வந்து நின்றாள். பார்த்தால், இரண்டு வாரக் கோழிக்குஞ்சு! தெருக்கோடி வீட்டில் தாய்க் கோழியைக் கீரி கொண்டுபோயிற்றாம். குஞ்சுகளைக் காகமும் பருந்தும் பங்கிட்டுக்கொண்டனவாம். எஞ்சியது இது ஒன்றுதானாம். நம் கொல்லையில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் உண்டு. "ஆறோடு ஏழாக இருந்துவிட்டுப் போகட்டும்" என்று பெருந்தன்மையோடு அநுமதி அளித்தோம். அந்த ஆறும் நம்மைப் போல் பெருந்தன்மை படைத்தவை அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் மரப்பெட்டியில் மின்சார விளக்கின் கீழ் வைத்திருந்தோம். பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 95 டிகிரி உஷ்ணம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். புதிதாக வந்த பறவையைச் சில வாரம் தனியே வைப்பது வேறொரு விதத்திலும் அவசியமாகும். வெள்ளைக் கழிச்சல் ஒரு குஞ்சோடு உள்ளே நுழைந்தால் கூட்டம் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் உஷ்ணத்தைக் காட்டிலும் அந்த ஜீவனுக்கு வேண்டியிருந்தது துணை. ஆள் அகன்றால் ஓயாமல் கத்தும். இன்னொரு குஞ்சு கிடைத்திருந்தால் அதுவே உத்தமம். கிடைக்காமற் போகவே, கையகலக் கண்ணாடி ஒன்றைப் பெட்டியில் சாய்த்து வைத்தோம். தன் பிம்பத்தோடு ஒட்டிக்கொண்டு அது உறங்கிற்று.

கார்த்திகையில், மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குஞ்சைக் கூட்டத்தின் நடுவே இறக்கிவிட்டோம். கறுப்பி என்ற மூத்த பெட்டை நிதானமாக நடந்து வந்து உச்சந்தலையில் ஒரு கொத்துக் கொத்தியது. இரத்தத்தைக் கண்டதும் மற்றவையும் ஓடி வந்தன. நாம் பாய்ந்து எடுப்பதற்குள் தலைத்தோல் கிழிந்துவிட்டது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினோம். நம் புதல்வி அன்று பகல் சாப்பிடவுமில்லை; நம்மோடு பேசவுமில்லை.

கறுப்பியைக் கொடியவள் என்பதற்கில்லை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டென்பதை நார்வே தேசத்து ஷெல்டெரப்-எப்பே என்பவர் 1922-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். இரையிலும் உறங்கும் இடத்திலும் அந்த வரிசைப்படியே முன்னுரிமை. ஒவ்வொரு கோழியும் மற்றவற்றை முகமறிந்து வைத்திருப்பதால்தான் தினந்தோறும் சண்டை நேருவதில்லை. முகம் தெரியாத ஒன்று திடீரென்று வந்து குதித்தால் கணக்குக் குழம்பிவிடுகிறது.

நார்வேக்காரரைக் கேள்விப்பட்டிராத அடுத்த வீட்டுப் பாட்டி அன்று மாலை வேலிக்கு அப்பாலிருந்து சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பையன் வந்தா மொத நாளே தள்ளி விட்டுட்டுப் போயிடுவீங்களா, வாத்தியாரே? பஞ்சாரத்தைப் போட்டு மூடி நடுக்கொல்லையிலே வையுங்க. பார்த்துப் பழகட்டும்."

இருபது வருஷமாக ஜூன் மாதந்தோறும் புதுப் பையன்களைக் கண்டு வரும் நமக்கு வெட்கமாயிருந்தது.

புண் ஆறியதும் நெருங்கப் பின்னிய பஞ்சாரமொன்றில் குஞ்சை மூடி, தினமும் பகலில் கூட்டத்தின் நடுவே வைத்தோம். உள்ளே ஒரு பிடி நொய். வெளியே அதன் விளிம்பையொட்டி ஒரு பிடி கம்பு. மூங்கிற் சட்டத்துக்கு இருபுறமும் எதிரெதிரே நின்று அவை இரை தின்றன. முதல் மூன்று நாள் கறுப்பி சட்டத்தைக் கொத்திப் பார்த்தாள். பிறகு சலித்துப் போய்விட்டாள். பன்னிரண்டாம் நாள் பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்துச் சற்றே உயர்த்தினோம். குஞ்சு நுழையலாம், பெட்டை நுழைய முடியாது. யாராவது விரட்டினால் அது பஞ்சாரத்துக்குள் ஓடிவிடும். இந்தச் செங்கலுக்கு ஈடான உபகாரி வேறில்லை என்போம். தண்ணீரும் இரையும் இரண்டு இடங்களில் வைப்பதும் நல்லது. ஒன்றை மறிக்கும் கோழியால் மற்றொன்றை மறிக்க இயலாது.

கடைத்தீவனம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டையிடும் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பங்கு இருக்கும். குஞ்சுக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1 பங்குதான். மிகுதி அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆகையால் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனமே போட்டு, பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்தோம்.

தை பிறந்து சில தினங்களுக்குப் பின், ஓர் இரவு பெட்டி காலியாயிருந்தது. கீரியின் ஞாபகம் வந்து நமக்கு நெஞ்சு பதைத்தது. விளக்கை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். உட்காரும் கழியின் கடைக்கோடியில், கறுப்பிக்கு ஒரு சாண் தள்ளி, அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் நம் புதல்வி பெட்டியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.